கண்ணை மூடாதே

“பெத்த நாங்களே புள்ள மேல ஒரு அடி வெச்சதில்லீங்க. படிக்க அனுப்பினா இப்படித்தான் பண்ணுவீங்களா?”

மாதவராஜ் மகளின் சுடிதார் கையை மேலே ஏற்றிவிட்டுக் காட்டினார். ஒன்பதாவது படிக்கும் காவேரிக்குத் தோள் வரைக்கும் கன்றிப்போய், நீலமும் கறுப்புமாக இருந்தது.

ஹெச்.எம். ஜாஸ்மின் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பள்ளிக் கமிட்டியிலிருந்து துணைக்கு வந்திருந்த நஞ்சம்மாள் வாயில் கை வைத்தார்.

“எப்படி ஆச்சு பாப்பா?”

“பந்து பட்டுடுச்சுங்க.” காவேரி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

எல்லோரும் பி.டி. டீச்சர் எழிலரசியைப் பார்த்தார்கள். மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு பேஸ்பாலைக் கொண்டுவந்த புண்ணியவதி அவர்தான். கிரிக்கெட் இருக்க இது எதுக்கு என்று கேட்காத ஆளில்லை. சாயந்திரம் காம்பவுண்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கெல்லாம் அவர் குரல் மனப்பாடம். “காவேரி, கண்ண மூடாத. பந்தப் பாரு. மூடாதன்னா மூடாத.” இப்படிக் கத்துகிறவர் பந்தை மட்டும் பூப்போலவா போடுவார்?

“இப்படித்தானே மேடம் எறிவீங்க?” மாதவராஜ் எழுந்து நின்று, பந்தெறிகிற மாதிரி கையை ஓங்கிக் காட்டினார்.

காவேரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தலை தோளுக்குள் போய்விட்டது.

“பாத்தீங்களா? பந்துன்னாலே எப்படி நடுங்குது பாருங்க.”

“ஐயோ பாவம்,” என்றார் நஞ்சம்மாள். “ஏம்மா டீச்சரு, நீயும் ஒரு பொம்பளதானே?”

எழிலரசி காவேரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்பு என்னுதுதாங்க,” என்றார்.

காவேரி சட்டென்று நிமிர்ந்தாள்.

வாய்க்கு வாய் பேசுகிற டீச்சர் இப்படிப் பொசுக்கென்று இறங்கிப்போவார் என்று யாரும் நினைக்கவில்லை. மாதவராஜ் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்த பேச்சில் பாதி அப்படியே மிச்சம்.

“இனிமே இவ மட்டையத் தொட மாட்டா. ஸ்கூல் விட்டா நேரா வூட்டுக்கு வந்துடணும்.”

“அது மட்டும் வேண்டாங்க.” எழிலரசி கைகூப்பினார். “எனக்கு என்ன தண்டனை வேணா குடுங்க. அவள நிறுத்திடாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்.”

ஹெச்.எம்.முக்கே சங்கடமாகிவிட்டது.

பெரிய மனுஷன் என்று பேர் வாங்குகிற சந்தர்ப்பம் தினமுமா வரும்? மாதவராஜ் ஒருதரம் நஞ்சம்மாளைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“சரி, போனாப் போவுது. ஆனா இன்னொரு காயம் பாத்தேன்னா சும்மா இருக்க மாட்டேன். போலீசுக்கே போவேன்.”

“நானே கூட வர்றேங்க. அதுவரைக்கும் ஒண்ணு பண்ணலாம். தெனமும் பிராக்டிஸ் முடிஞ்சதும் ஹெச்.எம். மேடம் அவ கை காலப் பாத்துட்டு அனுப்பட்டும். காலையில வந்ததும் இன்னொருக்கா பாக்கட்டும்.”

“அதான் நியாயம்,” என்றார் நஞ்சம்மாள்.

“காலையில எதுக்குங்க?” என்று கேட்டார் மாதவராஜ். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் வருகிற நேரம். மகளை விட்டுவிட்டு நஞ்சம்மாளோடு கிளம்பினார். காவேரி கிரவுண்டுக்கு ஓடினாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம், ஹெச்.எம். பிடித்துக்கொண்டார்.

“சின்னப் புள்ள மேல அவ்வளவு வேகமா பந்து போடலாமா எழிலரசி? உங்களால என் பேரும் கெட்டுது.”

“மொதல்ல குழந்தைங்க ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணுங்க மேடம். 1098.”

“உங்க மேல நானே புகார் குடுக்கணுமா?”

எழிலரசி ஜன்னலைத் திறந்துவிட்டார். விளையாட்டு விழாவன்று ரிப்பன் வெட்டியதோடு சரி, அதற்கப்புறம் ஹெச்.எம். அந்த கிரவுண்டைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது எட்டிப் பார்த்தார்.

காவேரி மட்டையோடு நின்றாள். காலை அகட்டி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, மட்டையை இறுக்காமல், சொல்லிக்கொடுத்தபடியே நின்றாள். எதிரில் ஆளே இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பைப்பை நட்டு, அதன் தலையில் பந்தை வைத்திருந்தார்கள். அவள் இடுப்பைத் திருப்பி மட்டையை வீசினாள். வீசுவதற்கு முன்பே கண் மூடிக்கொண்டது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

“பந்து போடற புள்ள எங்க?” என்று கேட்டார் ஹெச்.எம்.

எழிலரசி அந்தப் பைப்பைக் காட்டினார்.

“ஏன் கண்ண மூடுறான்னு இன்னிக்குத்தான் மேடம் எனக்கே தெரிஞ்சுது. அவ அப்பா முன்னாடி வாயத் திறந்தா கையோட கூட்டிட்டுப் போயிடுவாருன்னுதான் தப்ப ஏத்துக்கிட்டேன். அந்தப் புள்ளைக்கு இதுவரைக்கும் யாரும் பந்தே போட்டதில்ல.”