தட்டின் அடியில்

"கோட்டு போடாத ஆம்பிளைங்கள சாப்பாட்டு ரூமுக்குள்ளயே விடமாட்டாங்க. நானும் தினம் பட்டுதான் கட்டினேன்" என்றாள் கொளஞ்சி. கல்யாணமாகிப் பினாங்கு போனவள், முதல்முறையாகக் கப்பலேறி, தாய்வீடு இருக்கும் விருத்தாசலத்துக்கு வந்திருந்தாள்.

"மாப்ள பெரிய டிக்கெட்டாதான் போட்டிருக்காரு" என்றாள் அடுத்த வீட்டு வீராயி. "முள்ளுக் கரண்டியிலயா தின்ன?"

"கையால தின்னா சிரிப்பாங்க பெரியம்மா."

பீங்கான் ஆலையில் வேலை பார்க்கும் அப்பா சக்கரபாணி ஆவலாகக் கேட்டார்: "தட்டு எந்த ஊரு சரக்கும்மா? அடியில என்ன முத்திரை இருந்துது?"

"அதெல்லாம் யாருப்பா பாத்தா?"

சக்கரபாணி மகளை உற்றுப் பார்த்தார். புகுந்த வீட்டில் முதல் நாளே மாமியாரின் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து முத்திரை பார்த்துத் திட்டு வாங்கியவள் அவள்.

வீராயி விடவில்லை. "தட்டக் கவுத்துப் பாக்கலியா? பீங்கான் ஊருப் பொண்ணுதானா நீ?"

"அங்க அப்படிப் பாத்தா மரியாதை இல்ல. பாக்காதன்னு நாந்தான் எழுதியிருந்தேன், மறந்துபோய்க் கேட்டுட்டேன்" என்றார் சக்கரபாணி.

கொளஞ்சி தலைகுனிந்தாள். டெக்கில் படுத்து வரும் மலிவு டிக்கெட்காரர்கள் வரிசையில் நின்று சோறு வாங்கும் அலுமினியத் தட்டு, அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. வீராயி திரும்புவதற்குள் சக்கரபாணி தோள் துண்டை எடுத்து அதன்மேல் போட்டார்.