ஏழாவது முடிச்சு

“சார், வேலம்மா துணியில வேர்க்கடலை முடிஞ்சி வெச்சிக்கினு கேட்டைத் தாண்டப் பாத்துச்சு. புட்ச்சிட்டேன்.”

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ஸ்ரீரங்கனிடம் காவலாளி சுப்புராயன் சொன்னான்.

அடையாறு ஆராய்ச்சி நிலையத்தில் அவருடைய மூன்று வருட உழைப்பே அந்த வேர்க்கடலைதான். பெரிய காய்ச் செடியையும் சின்னக் காய்ச் செடியையும் இனக்கலப்பு செய்து, எந்த மரபணு காயைப் பெரிதாக்குகிறது, எது பருப்பைப் பெரிதாக்குகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. ஒரு செடியின் காய்க்கு ஒரு பை. ஒன்றோடொன்று கலந்துவிட்டால், கதை முடிந்தது.

விதை அறைக்கு ஓடினார். ஆணியில் தொங்கிய பைகளில் ஆறு கிழிந்து காலியாக இருந்தன. எண் எழுதிய சீட்டுகளையும் காணோம்.

சுப்புராயன் வேலம்மாவை அழைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

“திங்கறதுக்கு வேற கடலையே கெடைக்கலையா உனக்கு?” என்று சீறினார் ஸ்ரீரங்கன்.

வேலம்மா அந்த அறையைப் பெருக்குகிறவள். போன வாரம் அவள் வெற்றிலை மென்றுகொண்டு உள்ளே வந்ததற்கே அரை மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தார் ஸ்ரீரங்கன். ‘உள்ளே தின்பண்டம் கூடாது’ என்று கதவில் எழுதி ஒட்டி, கீழே கையெழுத்தும் போட்டவர் அவரேதான்.

“நான் துன்னல சார். ராத்திரி எலி பூந்து பையைக் கடிச்சிட்டுது. காயெல்லாம் கீழ கொட்டிக் கெடந்துச்சு.”

“எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிட்டியா?”

வேலம்மா கையிலிருந்த பழம்புடவைத் துணியை மேஜைமேல் விரித்தாள். வரிசையாக ஆறு முடிச்சு.

“எந்தப் பைக்குக் கீழ கெடந்துச்சோ அது தனி முடிச்சு. ஜன்னல் பக்கத்துப் பைதான் மொதல் முடிச்சு. எனக்கு எழுதத் தெரியாது சார், அதான் இப்படி.”

ஸ்ரீரங்கன் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மூன்றாவதில் குண்டுக் காய். நான்காவதில் சுண்டுவிரல் நுனி அளவுதான். ஐந்தாவதில் ஒன்றை உடைத்துப் பார்த்தார். ஓடு பெரிசு, பருப்பு சின்னது. நோட்டில் எழுதியிருந்தபடியே இருந்தது. எலி தின்றதில் கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் எதுவும் கலக்கவில்லை.

போன உயிர் திரும்பி வந்த மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்.

“நீ கேட்டுக்குப் போப்பா,” என்று சுப்புராயனை அனுப்பிவிட்டுக் கேட்டார். “இவ்வளவு பத்திரமா எடுத்து வெச்சவ, இதைத் தூக்கிண்டு ஏம்மா வெளிய போனே? டைரக்டர்தான் காலம்பறவே வந்துட்டாரே, அவர்கிட்ட குடுத்திருக்கலாமே?”

வேலம்மா கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். துணியின் மறுமுனையில் ஏழாவதாக ஒரு சின்ன முடிச்சு இருந்தது. அதையும் அவிழ்த்தாள்.

எலி கொறித்த எண்ணெய்க் காகிதம். உள்ளே, நேற்று மாலை ஸ்ரீரங்கன் பாதி தின்றுவிட்டு இதே அறையின் மேஜை டிராயரில் வைத்த மசால் வடை.

“பெரிய ஐயா எதிர்க்க இத்த எப்படி சார் அவுக்கறது? அதான் பஸ் ஸ்டாண்டுலயே உங்களப் பாத்துடலாம்னு போய்க்கினு இருந்தேன்.”