சனிக்கிழமை சிநேகிதன்

"ஸ்தோத்திரம் பாஸ்டர்," என்று திருமுல்லைவாயில் வீட்டிலிருந்து போனில் படபடத்தாள் பியூலா. "சனிக்கிழமையானா குடும்ப ஜெபத்துக்கு எங்க வீட்டுக்காரர் இருக்கறதே இல்ல. எவனோ வேலைவெட்டி இல்லாத சிநேகிதன் வீட்டுல கேரமாம். பேரைக் கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு. இப்பவும் அங்கதான் போயிருக்காரு. நீங்கதான் கண்டிக்கணும்."

பாஸ்டர் தயங்கினார். அவருக்குப் பின்னாலிருந்து பியூலாவின் கணவன் சாலமோனின் குரல் கேட்டது: "போனை வைங்க பாஸ்டர், உங்க ஆட்டம்!"

பியூலா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான்தான் சொல்ல வேணாம்னேன் சிஸ்டர். எல்லாரும் ஜெபம் பண்ணச் சொல்லித்தான் என்னைத் தேடி வர்றாங்க. இவர் ஒருத்தர்தான் சும்மா கேரம் ஆட வர்றாரு."

பியூலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆடுங்க பாஸ்டர். நாங்க ஜெபத்தை எட்டு மணிக்குத் தள்ளி வெச்சுக்கறோம். சிவப்புக் காயை மட்டும் அவருக்கு விட்டுடாதீங்க!"