சாம்பிள்

"வயித்துல என்ன இருந்துச்சுன்னு சொல்லிடுவீங்கள்ல, டாக்டர்?"

மாமனார் இதைக் கேட்பது மூன்றாவது முறை. மேசைமேல் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்தது உருண்டை. ஐந்து மாத நாய்க்குட்டி; காலையில் செருப்பைக் கவ்விக்கொண்டு வீட்டை இரண்டாக்கியது, இப்போது தலையைத் தூக்க முடியவில்லை.

பிழைக்குமா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருமகள் அதை மனதுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள். வராதீர்கள் என்று எவ்வளவோ சொல்லியும், சட்டையை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த மனுஷன்.

கால்நடை டாக்டர் குட்டியின் ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். "வெளுத்துப் போயிருக்கே. காலையிலேர்ந்து என்ன சாப்பிட்டுச்சு?"

"எப்பவும் சாப்பிடறதுதான் டாக்டர். அப்புறம்..." அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "இவரு ஒரு துண்டு பன் போட்டாரு."

"பன்னு போட்டது ஒரு குத்தமா?"

"போன வாரம்கூடக் காலால எத்தினீங்க. இன்னிக்கு மட்டும் என்ன மாமா திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வந்துச்சு?"

"ஏம்மா, உனக்குக் கேள்வி கேக்க மட்டும்தான் தெரியுமா?"

காலையில் பார்த்த காட்சி அவள் கண்ணிலேயே நின்றது. "இந்தா, இந்தா" என்று குழைந்த குரலில் அவர் குட்டியைக் கூப்பிட்டது. பன்னை ஊட்டிவிட்டு, அது வாலை ஆட்டுவதை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

தானியக் கிடங்கில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்துப் பார்க்காமல் உள்ளே விட்டதில்லை என்பதால் அங்கே அவருக்கு 'சாம்பிள்' என்று பெயர். கல்யாணமான புதிதில் கணவன் சிரித்துக்கொண்டே சொன்னது. நான்கு வருஷமாக அவள் மனதுக்குள் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

பென்ஷன் வந்தும் உத்தியோகம் போகவில்லை. அவள் காய்ச்சிய பாலை மோந்து பார்ப்பார். அவள் துவைத்த சட்டையை உதறிப் பார்ப்பார். காலையில்கூட, பிரஷர் மாத்திரை ஏன் ரோஸ் கலரில் இருக்கிறது என்று ஒரு வழக்கு. கடையில் வேறு கம்பெனி கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, டீயையும் பன்னையும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். எதிரில் நின்றால் அவருக்கு ஒன்றும் தொண்டையில் இறங்காது.

போன மாதம் ஒருநாள், அதே மாத்திரையை எடுத்துவைக்கும்போது, இவர் இல்லாவிட்டால் இந்த வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. நெருப்பை மிதித்தவள்போல உடனே விலகிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு வேளை மாத்திரைகூட அவள் தவறவிட்டதில்லை.

உருண்டை ஒருமுறை உடம்பை முறுக்கி வாந்தி எடுத்தது. டாக்டர் தட்டில் பிடித்து, இடுக்கியால் கிளறினார். மாமனார் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"பன்னுக்குள்ள ஏதோ மாத்திரை. ரோஸ் கலர். பிரஷர் மாத்திரை மாதிரி இருக்கு. வீட்டுல யாருக்காவது பிரஷர் இருக்கா?"

அவள் கை தானாக நீண்டு மாமனாரைச் சுட்டியது.

"இதோ, இவருக்குத்தான். பன்னுக்குள்ள வெச்சுக் குடுத்திருக்கீங்க! அதுகூடவா உங்க கண்ணை உறுத்துச்சு? அது பச்சைக் குழந்தை மாமா! என்மேல கோபம்னா என்னைத் திட்டுங்க, தினமும் திட்டிட்டுத்தானே இருக்கீங்க!"

பன்னுக்குள் நான்தான் வைத்தேன் என்பதுபோல அவர் தலையை ஒருமுறை ஆட்டினார். கண் மட்டும் தட்டைவிட்டு நகரவில்லை.

"சண்டையெல்லாம் வெளியில வெச்சுக்குங்க," என்றார் டாக்டர், குளுக்கோஸ் ஊசியைக் குட்டியின் காலில் ஏற்றியபடி. "மனுஷங்களுக்குத்தான் அது மருந்து. நாலு கிலோ குட்டிக்கு அது விஷம். சீக்கிரம் கொண்டுவந்தீங்க, பிழைச்சுக்கும்."

அவளுக்கு அழுகை பொங்கியது. குட்டியின் காதைத் தடவினாள். அது ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. போதும். இத்தனை வருஷமாக 'அப்பா அப்படித்தான், நீ கண்டுக்காதே' என்று மழுப்பிக்கொண்டிருந்த கணவனுக்கு இனி வாய் இருக்காது.

"டாக்டர், என்ன மாத்திரைன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டணும்."

"விஷம்," என்று மாமனார் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். டாக்டர் சொன்னதில் அந்த ஒரு சொல்தான் அவர் காதில் நின்றிருந்தது. மாட்டிக்கொண்டவனின் முகம் இல்லை அது. சந்தேகப்பட்ட மூட்டையிலேயே புழுவைக் கண்டுபிடித்துவிட்டவரின் நிம்மதி அதில் இருந்தது.

"ஆமா டாக்டர், நல்லா எழுதிக் குடுங்க. என் பையன் பார்க்கட்டும்." முதல் தடவையாக மருமகளின் கண்ணை நேராகப் பார்த்தார்.

"நீ வெச்ச மாத்திரையை நான் அப்படியே முழுங்கியிருந்தா, இப்ப அங்க நான்தானே படுத்திருப்பேன்?"