ஏழு கெண்டி வெந்நீர்

"இன்னிக்கும் ஏழு கெண்டி, ஆஹோங்கம்மா. இன்னிக்கும் சுடுது!"

தொழ வந்த ஷுச்சின் கெண்டியிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

கைஃபெங் நகரத்தில், சந்துக்குள் இருக்கிறது அந்தச் சின்ன ஓட்டு வீடு. பெண்கள் பள்ளிவாசலுக்குத் தொழ வருகிறவர்கள் கைகால் முகம் கழுவி ஒளு செய்யவும், சந்தில் எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்டி அனுப்பவும், ஷா மிங்ஜென் அம்மா இறைவன் பேரில் வக்ஃபாக எழுதிவைத்த வீடு. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

பள்ளிவாசலில் பெண்களைத் தொழவைக்கும் மூ ஆஹோங்தான் வெள்ளிதோறும் பூட்டைத் திறப்பார். ஒரு சாவி அவரிடம். இன்னொன்று மிங்ஜென் அம்மாவிடம் இருந்தது. அவருக்குக் கஃபன் துணி உடுத்திய அன்று வீடெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை.

திறந்தால் உள்ளே நீராவி. வரிசையாக ஏழு கெண்டிகள். பிடியெல்லாம் இடப்பக்கம். மிங்ஜென் அம்மா இடதுகைக்காரர்.

"அவங்கதான் வந்துட்டுப் போறாங்க," என்றாள் ஷுச்சின் மெல்ல. "மண்ணுக்குள்ள நிம்மதியில்ல. எப்படி இருக்கும்? வளர்த்த பிள்ளையே வக்ஃபு மேல கேஸ் போட்டிருக்கானே! அல்லாஹ்வுக்குக் கொடுத்த வீட்டை, 'அத்தை சொத்து, எனக்குத்தான்'னு கேக்கறான். கொத்தனாராம் கொத்தனார்! அவன் வைக்கிற சுவரெல்லாம் சரிய!"

"வாயை விடாதே. ஒளு செய்," என்றார் ஆஹோங். ஆனால் கெண்டியைத் தொட்டபோது அவருக்கும் முதுகு சில்லிட்டது.

அந்த வாரம் பெரிய பள்ளிவாசல் நிர்வாகக் குழுத் தலைவர் டிங் வந்தார். சந்தின் வக்ஃபு சொத்துக்கெல்லாம் சட்டப்படி அந்தக் குழுதான் பொறுப்பு.

"இந்த மனுவில கையெழுத்துப் போடுங்க. சீக்கிரம் விசாரிக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குக் கொடுத்துடுவோம். ஒரே மாசத்துல அந்தப் பய கேஸ் அவுட்டு!"

ஆஹோங் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொன்னார்.

அந்த வெள்ளி, கோர்ட்டுக்குப் போகவேண்டும் என்பதால் வழக்கத்தைவிட முன்னதாக, விடிகாலை சுபுஹு தொழுத கையோடு ஒளு வீட்டுப் பக்கம் நடந்தார். இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. சந்தில் ஒரு காக்கை கூட இல்லை.

வாசலில் காலடித் தடங்கள். உள்ளே போன தடங்கள் மட்டும்தான். திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

பூட்டு திறந்து தொங்கியது. கதவிடுக்கில் நீராவி கசிந்தது. உள்ளே 'டங்'கென்று செம்புக் கெண்டி வைக்கும் சத்தம்.

உதடு காவலுக்கான ஆயத்துல் குர்ஸியை ஓத, கதவைத் தள்ளினார்.

நீராவிக்குள் ஓர் இடதுகை, ஏழாவது கெண்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தது.

"யூன்லோங்! நீயா?"

கொத்தனார் யூன்லோங் திருடனைப் போல எழுந்து நின்றான்.

"சாவி ஏது உனக்கு?"

"மூச்சு அடங்கறதுக்கு முந்தி அத்தை கொடுத்தாங்க. 'வெள்ளிக்கிழமை தண்ணி ஆறக்கூடாதுடா'ன்னாங்க."

"நடிக்காதே! வீட்டைப் புழங்கறது நான்தான்னு கோர்ட்ல காட்டத்தானே இதெல்லாம்? இதோ மனு. இன்னிக்கே கொடுக்கறேன். ஒரு மாசத்துல உன் கேஸ் முடிஞ்சுது!"

அவன் முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம், ஆஹோங்கம்மா. அதை எழுதினது தலைவர் டிங்தானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப அத்தைக்கு நாப்பதாம் நாள் கூட ஆகல. இந்த வீட்டை அளந்து தரச் சொல்லி அவர் என்னைத்தான் கூப்பிட்டார். இடிச்சுட்டு விடுதி கட்டணுமாம். பொம்பளைங்க பெரிய பள்ளி முற்றத்துக் குழாயில கழுவிக்கட்டுமாம். 'செத்துப்போனவங்களையும் முற்றத்துலதான் குளிப்பாட்டணுமா'ன்னு கேட்டேன். குழுவோட முத்திரை தன்கிட்ட இருக்குன்னார்."

ஆஹோங் கையிலிருந்த மனுவைப் பார்த்தார்.

"அதுக்கு நீ கேஸ் போடுவியா?"

"அதிகாரமெல்லாம் குழு கையில. கேஸ் நடக்கிற வரைக்கும்தான் அவங்களால ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது. வாரிசுன்னு கேஸ் போட நான் ஒருத்தன்தான் இருக்கேன். ஆனா நான் ஜெயிச்சா அத்தையோட வக்ஃபு செத்துடும். தோத்தா வீடு செத்துடும். அதான் ரெண்டு வருஷமா வாய்தா மேல வாய்தா வாங்கறேன்."

ஆஹோங் மனுவை மடித்து அடுப்புக்குள் போட்டார். அது சுருண்டு எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"இப்ப நான் என்ன செய்யணும், தம்பி?"

"திங்கக்கிழமை கோர்ட்டுக்கு வாங்க, ஆஹோங்கம்மா," என்றான் அவன். "தலைவருக்குச் சந்தேகம் வரக்கூடாது. எல்லார் முன்னாடியும் என்னை இன்னும் நல்லாத் திட்டுங்க."