காய்ந்த ரோட்டுக்கு நாலு சக்கரமா?

"மழை பேஞ்சு ரெண்டு மாசமாச்சு. ரோட்டுல தூசிதான் பறக்குது. இதுல உனக்கு நாலு சக்கரமும் சேந்து இழுக்கணுமா?"

ஆஸ்பத்திரியின் போக்குவரத்து அதிகாரி வண்டிக்குள் தலையை விட்டு, கியருக்குப் பக்கத்தில் நாலு சக்கர இழுவையை மாற்றுகிற திருகைச் சுட்டிக் காட்டினார். அது 'ஆட்டோ'வில் நின்றது.

டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"காய்ஞ்ச ரோட்டுல ஃபோர் வீல் போட்டா கியர் பல்லெல்லாம் கொட்டிடும். நான் படிச்சிருக்கேன்" என்றார் அதிகாரி.

"அது நாலு சக்கரத்தையும் லாக் பண்ணி ஓட்டினா சார். இது ஆட்டோ. பின் சக்கரத்துலதான் ஓடும். டயர் வழுக்கினா மட்டும் முன் சக்கரமும் சேந்துக்கும். காய்ஞ்ச ரோட்டுல ஒண்ணும் ஆகாது."

"வழுக்காத ரோட்டுல அது எதுக்கு?"

"இருக்கட்டுமேன்னுதான் சார்."

"இருக்கட்டுமேவா? ரெண்டு மாசமாத்தான் இந்தப் பவுசுன்னு மெக்கானிக் சொன்னார். டீசல் என்ன, குழாயிலயா வருது?"

டிரைவர் வாயைத் திறக்கவில்லை. திறக்காத வாய் திருட்டு வாய் என்பது அதிகாரியின் கணக்கு.

அவர் நல்ல மனிதர்தான். என்ன, பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஒரு பக்கம் படித்தால் ஒன்பது பக்கத்துக்கு உத்தரவு போடுவார். டிரைவரை வண்டியிலிருந்து இறக்கி, ஸ்டோரில் பெட்டி தூக்க அனுப்பும் உத்தரவு ஏற்கெனவே அவர் சட்டைப்பையில் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. ஒரு நடை கூடப் போய்ப் பார்த்துவிட்டுப் போட்டுவிடலாம் என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். திருகை அவரே டூ வீலுக்குத் திருப்பினார்.

"இன்னிக்கு இதுல ஓட்டு. என்ன ஆகுதுன்னு பாக்கறேன்."

டிரைவர் திருகைப் பார்த்தான், அதிகாரியைப் பார்த்தான், வண்டியைக் கிளப்பினான்.

பிசியோதெரபிக்கு வருகிறவர்களை வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டு வருவது அவன் வேலை. அந்த வண்டியில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. முதலில் முழங்கால் அம்மா ஏறினார். அடுத்து இடுப்பு மாமா.

"முன்னால யாரு தம்பி, புதுசா? கழுத்தா?" என்றார் முழங்கால் அம்மா.

"இல்லம்மா, நம்ம அதிகாரி."

"அப்படியா? திரும்பியே பாக்கலியே, கழுத்துதான்னு நெனச்சேன்."

இடுப்பு மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிகாரி வேண்டா வெறுப்பாகத் திரும்பி ஒரு வணக்கம் வைத்தார்.

"இந்தத் தம்பியை மட்டும் மாத்திடாதீங்க சார்" என்றார் முழங்கால் அம்மா. "முன்னால இருந்த டிரைவர் கீழ நின்னு ஹாரன் அடிப்பார். இது மாடி ஏறி வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்ற புள்ள."

அதிகாரியின் கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது.

கடைசியாகத் தோள்பட்டை டீச்சர் வீடு. இரண்டு வரிசை வீடுகளின் பின்சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக ஏறுகிற ஒரு சந்து. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த இரண்டு மாதமாகத் தினமும் பெரிய ரோட்டோடு காரில் போய்வருகிற அதிகாரிக்கு இந்தச் சந்தெல்லாம் புதுசு.

பாதி மேட்டில் பின் சக்கரம் விர்ரென்று நின்ற இடத்திலேயே சுற்றியது. அடுத்த நொடி வண்டி பின்னால் சறுக்கியது. முழங்கால் அம்மா இடுப்பு மாமாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

டிரைவர் பிரேக்கை மிதித்தான். திருகை ஆட்டோவுக்குத் திருப்பினான். மெதுவாக ஆக்சிலேட்டரைக் கொடுத்தான். முன் சக்கரங்கள் பிடித்துக்கொள்ள, வண்டி சமர்த்தாக மேலே ஏறி நின்றது.

அதிகாரி எட்டிப் பார்த்தார். ஒரு சுவரின் அடியிலிருந்த ஓட்டையிலிருந்து சோப்பு நுரையோடு தண்ணீர் கொட்டி, மேடு முழுக்க வழிந்துகொண்டிருந்தது.

"இது தினமும் உண்டா?"

"ஆமா சார். ஒரு நாள் இங்க வந்து திருப்ப மறந்துட்டேன். சறுக்கி, அம்மாவுக்கு முழங்கால்லயே இடி. அன்னியிலேர்ந்து கிளம்பும்போதே ஆட்டோல போட்டுடறது."

அதிகாரிக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. சட்டைப்பையிலிருந்த உத்தரவை எடுத்து நாலாகக் கிழித்தார். வெட்கம் போன வேகத்தில் கோபம் வந்தது.

"எந்தப் புண்ணியவான் வீடு இது?"

"யாரோ சார். ஏறிட்டோம்ல, விடுங்க. டீச்சர் காத்துட்டிருப்பாங்க."

"விடறதா? உடம்புக்கு முடியாதவங்க போற வழியில சோப்புத் தண்ணிய விடுவான், அவனைச் சும்மா விடறதா?"

"வேண்டாம் சார். தெரியாமச் செஞ்சிருப்பாங்க. நல்ல மனுஷங்களா இருப்பாங்க." டிரைவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"பயந்து பயந்தே கெட்டோம்ப்பா. நான் இருக்கேன், நீ பேசாம இரு."

அதிகாரி இறங்கினார். சுவர் அவர் தலைக்கு மேல் உயரம். உள்ளே யாரும் தெரியவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார்.

"யாரு உள்ள? கொஞ்சமாவது அறிவிருக்கா? ரோடு என்ன உங்க வீட்டுக் குளியலறையா?"

உள்ளே குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பெண் குரல் வந்தது. இருபது வருடமாக அவர் பதில் பேசிப் பழகாத குரல்.

"அட, நீங்களா? காரைக் கழுவிட்டுக் குழாயத் திறந்து போட்டுட்டுப் போனதும் நீங்க, பின்பக்கமா வந்து நின்னு என்னை அதட்டறதும் நீங்களா? அந்த ஆஸ்பத்திரி வண்டித் தம்பி மட்டும், 'புதுசா வந்த சார், சங்கடப்படுவாரு, நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்கம்மா, நான் வண்டிய ஆட்டோல போட்டு ஏத்திக்கறேன்'னு கெஞ்சலேன்னா, இதை என்னிக்கோ உங்ககிட்டச் சொல்லியிருப்பேன்."