எடுத்துப்போட்டு

“இந்த வரிய எழுதுனது ஆருங்க?”

வேங்கடசாமி குரலை உயர்த்தவில்லை. கோபம் ஏற ஏற ‘ங்க’ கூடுகிற மனிதர் அவர். ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்கு முதலாளி.

கயல்விழி தன் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். எழுதியது அவள்தான்.

கம்பெனி செய்த மென்பொருளுக்குப் பெயர் ‘சாட்சி’. இப்போதெல்லாம் சரக்கு கேட்பதும் அனுப்புவதும் மனிதரா? ஏஐ ஏஜென்ட்டுகள். “எங்க முதலாளி அனுப்பச் சொன்னார்” என்று ஓர் ஏஜென்ட் வந்து நின்றால் அப்படியே நம்பிவிட முடியாது. முதலாளி நிஜமாகவே டிஜிட்டல் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று தேடி, யாரும் திருத்த முடியாத அந்தச் சான்றைக் கொண்டுவந்து கொடுப்பது சாட்சி. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழில் வழிகாட்டி எழுதுகிறவள் கயல்விழி. வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்குப் போக வேண்டியதுதானா என்பது இந்த வழிகாட்டியைப் பொறுத்து இருந்தது.

பெரிய திரையில் சென்னை வாடிக்கையாளர் கொதித்துக்கொண்டிருந்தார்.

“உங்க வழிகாட்டியைப் படிச்ச ஏஜென்ட் என்ன பண்ணிச்சு தெரியுமா சார்? சான்றே இல்லாம லோடை அனுப்பிடுச்சு!”

“ஏனுங்க அப்படிப் பண்ணுச்சு?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘சான்றை எடுத்தேன். குப்பையில் போட்டேன். வேலையைத் தொடங்கினேன். வழிகாட்டியில் அப்படித்தான் இருக்கிறது’ங்குது!”

வேங்கடசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரியை மறுபடியும் படித்தார். ‘சான்றை எடுத்துப்போட்டு வேலையைத் தொடங்கவும்.’

“சரியாத்தானுங்களே இருக்குது? எடுத்துப்போட்டுன்னா, எடுத்ததுக்கு அப்புறம்.”

“அது உங்க ஊர்ல சார்! எங்க ஊர்ல, எடுத்துக் கடாசிட்டுன்னு அர்த்தம்! ஏஜென்ட் எந்த ஊருன்னு நினைச்சீங்க, அவிநாசியா?”

வேங்கடசாமியின் மீசை துடித்தது. சிரிப்பா கோபமா என்று கயல்விழிக்குப் பிடிபடவில்லை.

“நல்லவேளை, இது சோதனை லோடு. நிஜமா இருந்தா என் கதி என்ன?” என்றார் சென்னைக்காரர். “ எழுதினது யாரோ, அவங்க இனி என் வேலைல இருக்கக் கூடாது. பேரைச் சொல்லுங்க.”

“கேட்டுப்போட்டீங்கல்ல? ஆருங்க எழுதுனது?” என்று மேஜைகள் பக்கம் திரும்பினார் வேங்கடசாமி.

கயல்விழி பக்கத்து மேஜைகளைப் பார்த்தாள். ஜெரோம், நஸ்ரியா, பாலுசாமி. மூன்று பேரும் அந்த வழிகாட்டியை வரி விடாமல் படித்தவர்கள்.

“கலக்கிப்போட்டே அம்மணி! எங்கம்மா படிச்சாக் கூடப் புரியும்” என்று தட்டிக்கொடுத்தவன் ஜெரோம். “படிச்சதுக்கு உங்க டிஜிட்டல் சாவியால ஒரு கையெழுத்துப் போட்டிருங்களேன், ‘இதற்கு நானும் பொறுப்பு’ன்னு சாட்சியில பதிவாகும்” என்று அவள் கேட்டபோது மட்டும், “அதெல்லாம் எதுக்குங்க, நமக்குள்ள?” என்று மூவருமே நழுவிவிட்டார்கள்.

இப்போதும் அதேதான். முதலாளி கேட்ட மாத்திரத்தில் மூன்று நாற்காலிகளும் சுழன்றன. மூன்று முதுகுகள். தடதடவென்று தட்டச்சுச் சத்தம். தலைபோகிற வேலை போல!

தொழிற்சங்கம் என்ற சொல்லையே கேள்விப்படாத கண்ணாடிக் கதவு ஆபீஸ்களில் வேறென்ன நடக்கும்? ஒன்றாக உட்கார்ந்து புரோட்டா தின்கிற கூட்டம். ஒன்றாக நிற்கிற கூட்டமா என்பது இந்த மாதிரி நேரத்தில்தானே தெரியும்!

நமக்குள்ளயாம், நமக்குள்ள. கயல்விழி மனசுக்குள் மூன்று பேரையும் நன்றாக வைதாள். பிறகு எழுந்து நின்றாள்.

“சார், அது வந்துங்க...”

“வாய்ப்பேச்சு வேண்டாமுங்க அம்மணி” என்று கையமர்த்தினார் வேங்கடசாமி. “சாட்சின்னு ஒண்ணைப் பண்ணி ஊருக்கெல்லாம் விக்கிறோம். நாமளே அதைக் கேக்காட்டி எப்படிங்க? நீங்களே தட்டுங்க. அவரும் கண்ணால பாக்கட்டும்.”

தன் பெயரைத் தானே வரவழைக்க வேண்டும்! அந்த வரியைச் சொல்லி, சான்று கேட்டுத் தட்டினாள். பெரிய திரையில் எழுத்துகள் விழுந்தன.

‘எழுதியவர்: கயல்விழி.’

“ஓ, இவங்கதானா?” என்றார் சென்னைக்காரர்.

“இருங்க, இருங்க. இன்னும் வருதுங்க.”

‘இதற்கு நானும் பொறுப்பு: நஸ்ரியா.’

‘இதற்கு நானும் பொறுப்பு: பாலுசாமி.’

‘இதற்கு நானும் பொறுப்பு: ஜெரோம்.’

தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது. முதுகுகள் மட்டும் திரும்பவில்லை.

வேங்கடசாமி தொண்டையைச் செருமினார். “என்ர கம்பெனியே அவ்வளவுதானுங்க. நாலு பேரையும் அனுப்பிப்போட்டா, நாளைக்கு உங்களுக்குக் சாஃப்ட்வேர் எழுத நானும் கீழ இருக்கற பட்டுக்கடைக்காரருந்தான் வரோணும்.”

சென்னைக்காரர் சிரித்துவிட்டார். “சரி, விடுங்க சார். வரியை மாத்திக் கொடுங்க. அந்தப் பொண்ணே மாத்தட்டும். எங்க ஊர்க்காரன் ஒருத்தனையும் படிக்கச் சொல்றேன்.”

கயல்விழி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆனா ஒண்ணு கேக்கணும் சார்” என்றார் அவர். “இந்த மூணு பேரும் அந்த வரிக்குப் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டது எப்ப?”

வேங்கடசாமி திரையருகே குனிந்து நேரத்தைப் படித்தார். நிமிர்ந்து அந்த மூன்று முதுகுகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

“இப்பத்தானுங்க. எழுதுனது ஆருன்னு நான் கேட்டதுக்கு அப்புறம்.”